வயிற்றுக்குள் போன பேச்சு

அந்தக் காலத்தில் யானைகளும் வாய் திறந்துதான் பேசின. நம்மை விடக் குறைவாகப் பேசின, அவ்வளவுதான் வித்தியாசம்.

மலைக்கு அந்தப் பக்கம் அப்போது மனிதர் யாரும் இல்லை. கோடை வந்தால் அங்கே தண்ணீர் கிடப்பது ஒரே ஒரு மடுவில். அந்த மடு மொட்டைக்காதி என்ற பெண் யானையின் பொறுப்பு. மானோ புலியோ, யார் வந்தாலும் அவளைக் கேட்டுத்தான் வாய் வைக்க வேண்டும். அவள் ஒரே வார்த்தையில் பதில் சொல்வாள். "குடி" என்பாள், இல்லையென்றால் "போ" என்பாள். வளவளவென்று பேசுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம்.

அந்த வருஷம் அவளுக்கு ஒரு கன்று பிறந்திருந்தது. கால் இன்னும் சரியாக ஊன்றாத கன்று. அடுத்த தண்ணீர் முகட்டுக்கு அப்பால். தாகத்தோடு அவ்வளவு தூரம் அது நடக்காது. அந்தக் கோடைக்கு மடுதான் அதன் உயிர்.

அப்போதுதான் ஏலக்காய்க் கம்பெனி வந்தது. பொதிமாடுகள் மேல் உப்பு மூட்டை. முன்னால் கம்பெனி ஏஜெண்டு திருவம்பலம்.

"ஆத்தா, ரொம்ப தூரத்துல இருந்து வர்றோம். நானும் என் ஆளுங்களும்... நீங்க உத்தரவு கொடுத்தா..." என்று இழுத்தான். கேள்வியை முடிக்கவே இல்லை.

"குடி" என்றாள் மொட்டைக்காதி.

"எல்லாருமா ஆத்தா?"

"குடி, குடி."

முன்மாடு செவலை தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியது. "எங்க ஆளுகிட்ட இவ்வளவு சுருக்கமாப் பேசாதக்கா."

"சுமக்கிற வேலையைப் பாரு. உனக்கு முதுகை விட வாய் நீளம்" என்று சொல்லிவிட்டு அவள் கன்றையும் தன் கூட்டத்து யானைகளையும் கூட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போனாள்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது மடுவைச் சுற்றி மூங்கில் வேலி. காட்டை வெட்டிக் குடிசைகள். ஒரு உப்புக்கடை. கீழேயிருந்து ஆட்கள் ஏறி வரப் பாதை.

"யாரைக் கேட்டு வேலி போட்ட?"

"உங்களைத்தான் ஆத்தா. நீங்கதானே 'குடி'ன்னீங்க? இதோ, இத்தனை குடி வந்தாச்சு."

"நான் தண்ணியைச் சொன்னேன்."

"தண்ணின்னு நான் கேட்கவே இல்லையே. சாட்சி இருக்கு. செவலை, ஆத்தா என்ன சொன்னாங்க?"

செவலை தரையைப் பார்த்தது. "குடின்னுதான் சொன்னாங்க."

அவன் பொய் சொல்லவில்லை. மாடும் பொய் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல்.

மொட்டைக்காதி முதல் குடிசை மேல் காலைத் தூக்கினாள். உள்ளேயிருந்து குடமும் இடுப்பில் குழந்தையுமாக ஒருத்தி வெளியே வந்தாள். வெள்ளத்தாய் என்று பேர்.

"மிதிக்கறதுன்னா மிதி. ஊர்ல கிணறு வத்திப்போச்சு, அதான் வந்தோம். இது உன் இடம்னு கம்பெனி சொல்லல" என்றாள்.

தூக்கிய கால் அப்படியே நின்றது. பின்னால் கன்று தாகத்தில் முனகியது. வெள்ளத்தாய் அதைப் பார்த்தாள். குடத்தை வைத்துவிட்டு வேலியில் மூங்கில்களைப் பிடுங்கினாள்.

"ஏய், அது கம்பெனி வேலி" என்றான் திருவம்பலம்.

"கம்பெனிக்குப் பிள்ளை குட்டி இருக்கா? அது தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்."

தண்ணி குடிச்சிட்டுப் போ. தான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான் என்று மொட்டைக்காதிக்கு அப்போது உறைத்தது. பெருமையாகச் சுருக்கிய ஒரு வார்த்தைக்குள் ஒரு ஊரே புகுந்து உட்கார்ந்துவிட்டது. அந்த ஊரை மிதிக்கவும் அவளுக்கு மனசு வரவில்லை.

கன்று வயிறு முட்டக் குடித்தது. அவள் காலைக் குடிசைக்குப் பக்கத்தில் இறக்கினாள்.

"இனிமே மனுஷன் காதுல விழற மாதிரி எவளும் பேசக்கூடாது" என்று தன் யானைக் கூட்டத்திடம் சொன்னாள். எல்லோர் காதிலும் விழுந்த அவளுடைய கடைசி வார்த்தை அதுதான். கன்றை முட்டுக் கொடுத்து நடத்தி முகட்டைத் தாண்டிப் போனார்கள்.

சில வருஷத்தில் கம்பெனி நட்ட ஏலச்செடிக்கு நோய் வந்தது. கம்பெனி மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த வழியே போய்விட்டது. கூட்டிவந்த சனங்களை யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் அங்கேயே தங்கினார்கள். வெள்ளத்தாய் பிடுங்கிய இடத்தை மட்டும் அடைக்காமல் விட்டார்கள். யானைகள் கோடைக்குக் கோடை அந்த வழியாக வருகின்றன. யாரையும் எதுவும் கேட்பதில்லை.

அன்று முதல்தான் யானை தன் பேச்சை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டது. பக்கத்தில் நின்றால் ஒரு உறுமல் நம் காலடியில் அதிரும். பசி என்று நினைத்துக்கொள்கிறோம். அது பேச்சு, நம்மோடு பேசுகிற பேச்சு இல்லை.