எந்த இலையை வரைவது?

ஆளை உரித்து வைத்தாற்போல் முகம் வரைவதில் தணிகாசலத்துக்குப் பெயர் உண்டு. ஐம்பத்தெட்டு வயதில் அவருக்குச் செடி வரையக் கற்க ஆசை வந்தது. பழனி மலைத்தொடரில் தாவர ஆராய்ச்சி செய்யும் பிலோமினாவிடம் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு அவர் மகளின் வயதுதான் இருக்கும். ஆனாலும் சீடனாகத்தான் போய் நின்றார்.

பிலோமினா அவரை ஓர் ஓடைக் கரைக்கு அழைத்துப் போனாள். இன்னும் யாரும் பெயர் வைக்காத ஒரு செடி அங்கே சில புதர்களாக நின்றது. சாலை வெட்டும் இயந்திரங்கள் அடுத்த வளைவு வரை வந்துவிட்டிருந்தன.

"வேற மலைகள்லயும் இது இருக்கான்னு ஆட்கள் தேடப் போறாங்க. உங்க படம்தான் அவங்க கையில இருக்கும்."

தணிகாசலம் ஓர் இலையைப் பார்த்து வரைந்தார். பூச்சி அரித்த ஓட்டை, நுனியில் காய்ந்த பழுப்பு, ஒன்றையும் விடவில்லை.

"அப்படியே இருக்குங்கய்யா," என்றாள் பிலோமினா. "ஆனா இந்த ஒரு இலைக்கு போட்டோவே போதும். இதை வச்சுத் தேடினா, பக்கத்து இலையைக்கூட வேறன்னு நினைச்சுத் தாண்டிப் போயிடுவாங்க."

சரியென்று படத்தில் ஓட்டையை மூடினார். கோணலை நிமிர்த்தினார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் வந்தது.

"இப்படி ஒரு செடி எந்த மலையிலயும் இல்லையே!"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "உள்ளதை வரைஞ்சாலும் தப்பு, இல்லாததை வரைஞ்சாலும் தப்பு. அப்ப நான் எந்த இலையைத்தாம்மா வரையறது?"

பிலோமினா ஓடைக் கரைப் புதர்களைக் காட்டினாள். "இதுதான் அந்தச் செடின்னு சொல்லும்படியா ஒரே ஒரு இலையைப் பறிச்சுட்டு வாங்க."

போனார். ஒரு புதரில் இலை ஒடுக்கம், அடுத்ததில் அகலம். நிழலில் நின்றது கரும்பச்சை. வெயிலில் நின்றது வெளிறிக் கிடந்தது. தளிரோ செம்பு நிறம். ஒன்றைக் கிள்ளப் போவார். பக்கத்து இலையைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொள்வார். ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஆனால் எதைத் தொட்டாலும் அதே செடி. இது எப்படி என்று அவருக்கு விளங்கவேயில்லை. வளைவுக்கு அப்பால் பாறை சரியும் சத்தம் கேட்டது.

வெறுங்கையோடு திரும்பினார்.

"பறிக்கலையா?"

"எதுவும் அது இல்லம்மா. ஆனா எல்லாமே அதுதான். எனக்குத் தலை சுத்துது. நீங்க வருஷக்கணக்கா பார்க்கறீங்க. அந்த இலை எப்படி இருக்கும்னு நீங்களே சொல்லிடுங்க."

பிலோமினா அவர் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை விரித்து வைத்தாள்.

"நானும் அந்த இலையை இன்னும் பார்த்ததில்லைங்கய்யா. நீங்க வரைஞ்சாத்தான் பார்க்கணும்."