திறக்காத ஜாடி

மிளகு ஏற்றும் துறைமுகம் ஒன்றில் யூதர்களின் ஜெபாலயம் இருந்தது. அங்கே தொங்கிய கண்ணாடி விளக்குகளைச் சாம்பல் போட்டுத் துலக்கி, அந்தியில் எண்ணெய் வார்த்து ஏற்றியவர் அசரியா. ஒவ்வொரு சுடருக்கும் ஒரு வரி துதி முணுமுணுப்பார். எண்ணெய் நாற்றத்தால் யாரும் அவருக்குப் பக்கத்தில் உட்காருவதில்லை.

எதைக் கேட்டாலும் "வாக்கல்ல, முயல்கிறேன்" என்பார். கொடுத்த வாக்கு தவறினால் இறைவன் முன் பொய்யனாவோம் என்று அவர்கள் மரபே அஞ்சும். இவர் அளவுக்கு அஞ்சியவர் இல்லை. "உன் பேரு அசரியாவான்னு கேட்டாலும் வாக்கல்லன்னுதான் சொல்லுவான்" என்று தெரு சிரித்தது.

ஒரு முறை மட்டும் அந்தச் சொல்லை விட்டார். பக்கத்து வீட்டு மாலுமி உதுமான், வாய் மெழுகிட்ட ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"நான் வர்ற வரைக்கும் யாரும் தொறக்கக் கூடாது அண்ணே."

"வாக்கல்ல தம்பி, முயல்..."

"அந்தப் பேச்சை நம்பி நான் கப்பல் ஏற முடியாது. சரின்னு சொல்லு, இல்ல முடியாதுன்னு சொல்லு."

கப்பலிலிருந்து ஆள் கூவினான். "சரி, சொல்லிட்டேன்" என்றார் அசரியா.

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து முன்னோர் விடுபட்டதை நினைக்கும் பஸ்கா பண்டிகை வந்தது. புளித்த மாவு பட்ட பாத்திரங்களை ஓர் அறையில் பூட்டுவதும், பண்டிகை முடியும்வரை அதைத் திறக்காமலிருப்பதும் வழக்கம். வீடுகளெல்லாம் அந்தப் பரபரப்பில் இருந்தபோது ஜெபாலயத்தின் வெள்ளிக் கிண்ணத்தைக் காணவில்லை. விளக்குக்காரன் குடிசையில் மெழுகிட்ட ஜாடி இருப்பதை யாரோ சொன்னார்கள். சபைத் தலைவர் எஸ்ரா இருவரோடு வந்தார்.

"தொறந்து காட்டுடா."

"எனக்கு உரிமை இல்லைங்க ஐயா. வாக்குக் குடுத்திருக்கேன்."

"இதுக்குத்தானே முறை இருக்கு. நாங்க மூணு பேரும் உக்காந்து உன் வாக்கை அவிழ்த்துவிடுறோம்."

"ஆண்டவனுக்குச் சொன்னதை நீங்க அவிழ்க்கலாம். மனுஷனுக்குச் சொன்னதை அந்த மனுஷன்தான் அவிழ்க்கணும். அவன் கடல்ல இருக்கான்."

பொழுது சாய்ந்து பண்டிகை தொடங்கியது. பண்டிகை நாளில் உடைப்பது ஆகாது. "முடியட்டும், அன்னிக்கு ஒடைக்கிறோம்" என்று ஜெபாலயச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

பண்டிகை விருந்துக்கு யாரும் அவரை அழைக்கவில்லை. அவர் தெருவில் நடந்தால் பெண்கள் பாத்திரங்களை உள்ளே எடுத்தார்கள். ஜாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புளிப்பில்லா அப்பத்தைத் தனியே தின்றார். துதியை மட்டும் விடவில்லை.

கடைசி இரவு எஸ்ராவின் கனவில் ஒரு குரல் கேட்டது: "உன் முன்னோருக்குச் சொன்ன சொல்லுக்காகக் கடலைப் பிளந்தேன். அந்த விளக்குக்காரனும் தன் சொல்லைக் காக்கிறான். உன் பூட்டைத் திற."

இரவு தின்ற மீன் செய்த வேலை என்றே எஸ்ரா நினைத்தார். ஆனாலும் பண்டிகை முடிந்ததும் முதலில் தம் வீட்டு அறையைத் திறந்தார். பழைய பாத்திரங்களின் நடுவே கிண்ணம் இருந்தது. பண்டிகைக்குத் துலக்க வீட்டுக்குக் கொண்டுவந்து, அவசரத்தில் மறந்து அதையும் சேர்த்துப் பூட்டியது அவரேதான்.

குடிசை வாசலில் சம்மட்டியோடு நின்றவர்களை எஸ்ரா விலக்கினார். ஜாடியைக் கட்டிப்பிடித்திருந்த அசரியாவின் முன் சாவியை வைத்தார்.

"என்னை மன்னிச்சிடு. நாளைக்கு வெளக்கேத்த வருவியா?"

"வாக்கல்லங்க ஐயா, முயல்கிறேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

உதுமான் திரும்பி வந்து, மெழுகு உடையாத ஜாடியை வாங்கிக்கொண்டு போனான். உள்ளே என்ன இருந்ததோ என்று சிலர் கடைசிவரை சந்தேகித்தார்கள். அசரியா கேட்கவேயில்லை.

சொல்வதற்கு அஞ்சி, சொன்னபின் எதற்கும் அஞ்சாத அந்த விளக்குக்காரரின் நினைவு ஆசீர்வதிக்கப்படுவதாக.