பேட்டரிக்குக் காய்ச்சல்

எங்கள் குடும்பத்துக்கு மூளை கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். மூளை இருக்கிறது. தேய்ந்துவிடுமே என்று எடுத்துப் புழங்குவதில்லை, அவ்வளவுதான். என் பெண்டாட்டி செண்பகவல்லி வெளியூர்க்காரி. கல்யாணமான நாளிலிருந்து வீடே அவள் மூளையில்தான் ஓடுகிறது.

அவள் தினமும் இட்லி மாவு அரைத்து பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸுக்குக் கொடுக்கிறாள். சாயங்காலம் அவள் கிரைண்டரைப் போடுகிற நேரம் பார்த்துத்தான் எங்கள் ஊரில் கரண்டு போகும். "இன்னொரு தடவை மாவு வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கிடுவேன்" என்று மெஸ்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த மெஸ் போனால் எங்கள் வீட்டு அடுப்பும் அணைந்த மாதிரிதான்.

மாடியில் சோலார் தகடு முன்பே இருந்தது. அதோடு பேட்டரியும் சேர்த்தால் பாதி விலை மானியம் என்று அறிவிப்பு வந்தது. செண்பகம் உடனே கடைக்காரர் தவசிமுத்துவைக் கூட்டிவந்து மாட்டச் சொன்னாள்.

அவர் மாட்டி முடித்துவிட்டு என் அண்ணன் மருதப்பனையும், தம்பி சொரிமுத்துவையும், என்னையும் நிற்கவைத்துச் சொன்னார்: "அதிகாரி வருவாங்க. கரண்டு இல்லாதப்ப பேட்டரி வீட்டு வேலைக்கு உதவுதான்னு பார்ப்பாங்க. உதவினா மானியம். இல்லைன்னா நான் இதைக் கழற்றிட்டுப் போயிருவேன். தகடு மேல நிழல் விழக் கூடாது. பேட்டரி சூடாகக் கூடாது. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார். பாவம், அவருக்கு எங்களைத் தெரியாது.

மறுநாள் காலையிலேயே அண்ணன் குடையோடு மாடியேறித் தகட்டுப் பக்கத்தில் காவலுக்கு நின்றார். கொஞ்ச நேரத்தில் "ஏல, ஓடியாங்க! நிழல் வந்துட்டு!" என்று அலறினார். நானும் தம்பியும் ஓடினோம். பார்த்தால் தகட்டின் மேல் இப்போது மூன்று நிழல்!

"கூட்டத்தோட வந்திருக்கு," என்றான் தம்பி.

"யாரும் நகராதீங்க. நாம போயிட்டா அதுக்குத் துணிச்சல் வந்துரும்," என்றார் அண்ணன்.

நாங்களும் முறைத்துக்கொண்டே நின்றோம். உச்சிவெயில் ஏற ஏற நிழல்கள் சுருங்கிச் சுருங்கி எங்கள் காலடிக்கே வந்து ஒடுங்கின. மன்னிப்புக் கேட்கிறதென்று நினைத்துக் கீழே இறங்கினோம்.

கீழே வந்து பேட்டரியைத் தொட்டுப் பார்த்த அண்ணன் கையை வெடுக்கென்று இழுத்தார். "ஐயையோ, காய்ச்சல்!"

"ஈரத்துணி போடுவோமா?" என்றேன்.

"கரண்டு சாமான்ல ஈரத்தைப் போடுவானா எவனாவது? அறிவிருக்கா உனக்கு?" என்றான் தம்பி. எங்கள் குடும்பத்திலும் இப்படி யோசிக்க ஒருத்தன் இருக்கிறானே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அவனே மின்விசிறி ஒன்றைக் கொண்டுவந்து, பேட்டரியிலேயே செருகி, பேட்டரியைப் பார்த்தே திருப்பிவைத்தான். சூடு குறையவில்லை. இரண்டாவது விசிறி வந்தது. சூடு ஏறியது. மூன்றாவதும் வந்தது.

"வீச வீசக் கொதிக்குதே," என்று அண்ணன் கவலைப்பட்டார். "நல்லவேளை வீசுறோம். வீசாட்டி என்ன ஆகியிருக்கும்!"

அன்று சாயங்காலமே அதிகாரி அம்மா வந்துவிட்டார். சொல்லிவைத்தாற்போல் கரண்டும் போனது. செண்பகம் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு கிரைண்டரைப் போட்டாள். ரெண்டு சுற்று சுற்றியது. நின்றுவிட்டது. அவள் முகம் செத்துப்போனது. ஊறின அரிசி அத்தனையும் அப்படியே கிடந்தது.

"பகல் முழுக்க நல்ல வெயிலாச்சே, சேர்ந்த கரண்டெல்லாம் எங்கே போச்சு?" என்றார் அதிகாரி.

"செலவாயிட்டும்மா," என்றார் அண்ணன் பணிவாக.

"யாருக்கு?"

"பேட்டரிக்குத்தான். உடம்புக்கு முடியலை."

அதிகாரி உள்ளே போய்ப் பார்த்தார். மூன்று விசிறியும் பேட்டரியைச் சுற்றி வாய்பிளந்து நின்றன. அவர் விசிறிகளை எண்ணிவிட்டு எங்களையும் எண்ணிப் பார்த்தார்.

"செண்பகவல்லி, இவங்க மூணு பேரும் உங்க வீட்டு ஆளுங்களா?"

"என் வீட்டுக்காரர், அத்தான், கொழுந்தன்," என்றாள் அவள். அந்தக் குரலைக் கேட்டு எனக்கே என் மேல் இரக்கம் வந்தது.

"விசிறியைப் பிடுங்கிப் போடுங்க. கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்யும். நாளைக்கு வருவேன். இந்தக் கிரைண்டர் மாவு அரைச்சு முடிச்சா மானியம், இல்லைன்னா இல்லை."

செண்பகம் அன்றைக்குப் பக்கத்துத் தெருவில் ஆட்டுக்கல் தேடிப் போய்க் கையாலேயே அரைத்து மெஸ்ஸுக்கு அனுப்பினாள். கை கொப்பளித்துவிட்டது. திரும்பி வந்து எங்களிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "நாளைக்கு ஒண்ணும் செய்யாதீங்க."

ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் கரண்டு போனது. அதிகாரி தலையசைக்க, செண்பகம் பொத்தானை அமுக்கினாள். கிரைண்டர் ஓடியது. ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது! உளுந்து பொங்கி வந்தது, அரிசி வெண்ணெயாக அரைபட்டது. அதிகாரி கையெழுத்துப் போட்டார். செண்பகம் அழுதுகொண்டே சிரித்தாள். நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மெஸ்ஸுக்கு மாவு போனது. அதிகாரிக்கும் ஒரு தூக்குவாளி மாவு கொடுத்தனுப்பிவிட்டு, எங்கள் மேல் இருந்த கோபமெல்லாம் போய், தோசை வார்த்து எடுத்துக்கொண்டு எங்களைத் தேடி வந்தாள் செண்பகம்.

நாங்கள் பின்கட்டில் இருந்தோம். மூன்று மின்விசிறியையும் பாயில் சாய்த்துப் படுக்கவைத்து, ஆளுக்கொரு பனையோலை விசிறியால் அதுகளுக்கு வீசிக்கொண்டிருந்தோம்.

தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"நேத்து என்ன பாடுபட்டுச்சு இதுங்க," என்றார் அண்ணன், வியர்வை மூக்கு நுனியில் சொட்ட. "பேட்டரியைத்தான் எல்லாரும் கேக்காங்க, இதை யாரு கேக்கா? தோசையை அங்கிட்டு வச்சிட்டு வா செண்பகம், வந்து எங்களுக்குக் கொஞ்சம் வீசு."