இடது பக்கம் இழுத்த லாரி

சங்ககிரி லாரிப்பேட்டையில் பூபதி மேஸ்திரியிடம் நான் தொழில் பழகச் சேர்ந்தபோது எனக்கு வயது ஐம்பது. அவருக்கு முப்பத்தாறு. அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை மேஸ்திரி என்பேன். பேரன் எடுக்கிற வயதில் அர்த்தநாரி பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கிறான் என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சோதனைச் சாவடிகளில் இதைவிடப் பெரிய பேச்செல்லாம் வாங்கியவன் நான்.

மேஸ்திரிக்கு ஒரு கணக்கு உண்டு. இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறவன் எல்லாம் அவருக்கு மெக்கானிக் இல்லை. ஸ்டேரிங், ஆக்சில் என்று முன்பக்க வேலையை ஒருவன் தனியாகச் செய்து, அந்த வண்டியை அவர் மறுபடி தொட்டுப் பார்க்காமல் அனுப்பிவிட்டால் அவன்தான் மெக்கானிக். இரண்டு வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை, "இந்த வண்டி உங்க பொறுப்புங்கண்ணா" என்றார்.

வண்டியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருடம் நான் ஓட்டிய லாரி அது. புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஆனால் டிரைவர் கதவின் கைப்பிடிக்குக் கீழே இருந்த நெளிசலை எந்தப் பெயிண்டும் மறைக்கவில்லை. அது நாக்பூரில் ஆரஞ்சு லோடு ஏற்றும்போது விழுந்தது. அந்த நடை முழுக்கக் கேபினுக்குள் ஆரஞ்சு வாசம். மழை பெய்தால் வண்டிக்கு அடியிலேயே ஸ்டவ் வைத்துச் சோறு பொங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். வீட்டில் படுத்ததைவிட அதில் படுத்த நாள்தான் அதிகம். முதலாளி அதை விற்ற அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. வேறு வண்டி ஏறவும் மனசு வராமல்தான் இந்தப் பட்டறைக்கு வந்தேன்.

இப்போது அதை வாங்கியிருந்தவர் சென்னியப்பன். பதினேழு வருடம் பிறர் வண்டியில் கிளீனராகவும் டிரைவராகவும் இருந்தவர். இதுதான் முதல் சொந்த வண்டி. திங்கட்கிழமை கொல்லிமலைக்குச் சிமெண்ட் ஏற்றுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். முதல் நடை என்பதால் மனைவியும் கூட வருகிறாளாம், மலைக்கோயிலில் ஒரு கும்பிடு போட.

"எழுபது வளைவுங்கண்ணா. ஸ்டேரிங் மட்டும் பொய் சொல்லக் கூடாது" என்றார்.

முன்பக்கத்தைப் பிரித்தேன். முன் சக்கரங்கள் திரும்புகிற அச்சாணியான கிங் பின் இரண்டும் மேலும் கீழும் தேய்ந்து ஒடுங்கியிருந்தன. அவற்றைத் தாங்குகிற புஷ் வளையங்கள் போய்விட்டன. இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற டை ராட்டின் முனைகள் இரண்டும் கையால் ஆட்டினாலே கடகடவென்று ஆடின. இடது ஸ்பிரிங்கில் மேல் பட்டை ஒடிந்திருந்தது. ஆக்சில்கூட லேசாக வளைந்திருந்தது. அந்த வளைசல் எனக்குத் தெரியும். மகாராஷ்டிராவில் துலே தாண்டி ஒரு பெரிய பள்ளத்தில் நான்தான் இறக்கினேன். அன்றையிலிருந்து வண்டி இடது பக்கம் இழுத்தது. ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்றார் முதலாளி. நானும் ஸ்டேரிங்கை வலது பக்கம் கொஞ்சம் அழுத்திப் பிடித்தபடியே இந்தியாவைச் சுற்றினேன்.

ஆக்சிலை நிமிர்த்தி வாங்கினேன். மற்றதெல்லாம் புதுசு போட்டேன். சனிக்கிழமை மதியம் பேட்டைக்குள் ஓட்டிப் பார்த்தால் வண்டி வலது பக்கம் இழுத்தது.

டயரில் காற்றுப் பார்த்தேன். பிரேக் பிடித்திருக்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். அளவெல்லாம் சரி. மறுபடி ஓட்டினேன். மறுபடி வலது. மேஸ்திரியைக் கேட்கலாம்தான். கேட்டால் அது என் வேலையாக இருக்காதே. அந்த இழுப்பைச் சமன் செய்ய, இடது ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் சரிவாகத் தேய்த்த ஓர் இரும்புத் தகட்டை வைத்து இறுக்கினேன். இழுப்பு அடங்கிவிட்டது. நூல் பிடித்த மாதிரி போனது. எனக்குப் பழைய நாள் திரும்பியது போல இருந்தது. சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கியது.

அன்று சாயங்காலம் என் மனைவி சரசுவோடு சந்தைக்கு நடந்தேன். அவள் வலது பக்கமாக வந்தாள். வழியெல்லாம் அவளை ரோட்டு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறேன். "வண்டியை விட்டு ரெண்டு வருஷமாச்சு, இன்னும் என்னை ஒடிச்சுத் திருப்பறீங்க" என்றாள். நான் சிரித்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னியப்பன் வண்டி எடுக்க வந்தார். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய சாமானை எல்லாம் ஒரு சாக்கில் கட்டி வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். மாற்றியது நிஜம் என்று அவர் கண்ணால் பார்த்துக்கொள்ளத்தான். நான் சாக்கைக் கட்டி வைத்திருந்தேன். அதில் ஒரு கிங் பின் மட்டும் இல்லை. அது என் சாப்பாட்டுப் பையில் இருந்தது. ஒரு ஞாபகத்துக்கு இருக்கட்டுமே என்று எடுத்திருந்தேன்.

மேஸ்திரி சாக்கைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒரு வாளித் தண்ணீரை எடுத்துவந்து, பேட்டையின் சிமெண்டுத் தரையில் முன் சக்கரங்களுக்கு எதிரே ஊற்றினார்.

"ஏறி மெதுவா ஓட்டுங்கண்ணா. கையை எடுத்துடுங்க."

"கையை எடுத்தா?"

"எடுத்துடுங்க."

ஸ்டேரிங்கிலிருந்து கையை எடுத்தேன். சக்கரம் தண்ணீரில் ஏறி இறங்கி, நாற்பது அடி உருண்டதும் நிறுத்தச் சொன்னார். இறங்கிப் பார்த்தேன். ஈரத் தடம் இடது பக்கமாக வளைந்து கிடந்தது.

"மலையில அந்தப் பக்கம் என்ன இருக்கும்?" என்றார்.

"பள்ளம்" என்றேன். சென்னியப்பன் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேஸ்திரி குனிந்து அடியில் பார்த்துவிட்டுத் தகட்டை எடுக்கச் சொன்னார். எடுத்து, போல்ட்டை இறுக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்துக்குள் பழைய தடம் காய்ந்துபோயிருந்தது. மேஸ்திரி மறுபடி ஒரு வாளி ஊற்றினார். மறுபடி கையை எடுத்துவிட்டு ஓட்டினேன். பாதி தூரம் போனதும், "இப்ப பிடிங்க" என்று குரல் கொடுத்தார். பிடித்தேன்.

இறங்கி வந்து பார்த்தேன். இருபதடிக்குத் தடம் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. அதற்கு மேல் வலது பக்கம் திரும்பியிருந்தது. எந்த இடத்தில் நான் ஸ்டேரிங்கைத் தொட்டேனோ, சரியாக அந்த இடத்தில்.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெயிலில் தடம் ஓரத்திலிருந்து காயத் தொடங்கியது. சரசு நேற்றுச் சொன்னது ஞாபகம் வந்தது. ஊரில் உள்ள போல்ட்டை எல்லாம் முறுக்கிப் பார்த்தவன், என் இரண்டு கையை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அதற்கு ஏற்றபடி ஒரு குடும்பத்தின் வண்டியைக் கோணலாக்கி வைத்தேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

மூன்றாவது வாளிக்குச் சென்னியப்பன் ஏறினார். கையை எடுத்தும் ஓட்டினார், பிடித்தும் ஓட்டினார். தடம் கடைசி வரை நேராகவே இருந்தது. இறங்கிவந்து, "பொய் சொல்லலைங்க" என்றார்.

நான் பட்டறைக்குள் போய்ச் சாப்பாட்டுப் பையிலிருந்து கிங் பின்னை எடுத்தேன். உள்ளங்கையில் கனத்தது. சாக்கின் கட்டை அவிழ்த்து, அதை உள்ளே போட்டுத் திரும்பக் கட்டிச் சென்னியப்பனிடம் கொடுத்தேன். "என் வண்டியா இருந்ததுங்க. பத்திரமாப் போய்ட்டு வாங்க" என்றேன். அவர் என் கையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

முன்னும் பின்னும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி அதை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. மேஸ்திரி வாளியைக் கழுவிக் கவிழ்த்தார்.

"மேஸ்திரி, பத்தொன்பது வருஷமாத் தப்பாத்தான் பிடிச்சிருக்கேனா?"

"இல்லைங்கண்ணா. நீங்க அப்படிப் பிடிக்காம இருந்திருந்தா, இந்த வண்டி என்னைக்கோ பள்ளத்துல போயிருக்கும், இன்னைக்குப் பட்டறைக்கே வந்திருக்காது."

லாரி பேட்டை வாசலைத் தாண்டி ரோட்டில் ஏறியது. என் வலது தோள் தானாக இறுகியது. அதை அவர் பார்த்துவிட்டார்.

"இப்ப அது நேராத்தான் போகுது. போகட்டும், விடுங்கண்ணா" என்றார்.