செவலை புதைத்த கறி

அந்தக் காலத்தில் நாயும் பேசும், அடுப்பு நெருப்பும் பேசும். தெக்லாள் வீட்டில் இரண்டும் இருந்ததால் அவளுக்கு ஒரு நாளும் நிம்மதி கிடையாது.

மலையடிவாரத்தில் ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள் தெக்லாள். அவள் ரொட்டிக்குச் சுற்றுவட்டாரத்தில் நல்ல பேர். கறி சுடுவதில் மட்டும் ராசியே இல்லை. அடுப்புக்குள் வைத்த கறியை நெருப்பு சும்மா விடாது. சாற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு வெறும் சக்கையைத் திருப்பித் தரும். கேட்டால், திறந்து கிடந்தால் குடிக்காமல் என்ன செய்வது என்று சிரிக்கும்.

அந்த வருஷம் அவள் மகள் பாக்கியத்துக்குத் தலைக் கிறிஸ்துமஸ். மகளும் மருமகனும் வருகிறார்கள், கூடவே சம்பந்தியம்மாள் சலேத்தும். சலேத்துக்கு நாக்கு கொஞ்சம் நீளம். கல்யாணப் பந்தியிலேயே, ரொட்டிக்காரி வீட்டில் ரொட்டியைத் தவிர வேறென்ன கிடைக்கும் என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டவள். விருந்து சொதப்பினால் தெக்லாளுக்கு ஒரு நாள் அவமானம், அவ்வளவுதான். பாக்கியமோ வருஷம் முழுக்க அந்தப் பேச்சைக் கேட்டாக வேண்டும். 

ஆகவே கைக்காசைப் பார்க்காமல் எலும்பில்லாத மாட்டுக்கறியில் நல்ல துண்டாக வாங்கினாள். மிளகும் பூண்டும் அரைத்துத் தடவி, சட்டியில் ஊற வைத்தாள். பக்கத்துத் தொட்டியில், நெய்யும் கள்ளும் விட்டுப் பிசைந்த ரொட்டி மாவு பொங்கிக்கொண்டிருந்தது. பூசைக்கு மணி அடித்தது. பக்கத்து வீட்டுப் பூனை வந்தால் விரட்டு என்று தன் நாய் செவலையிடம் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனாள். பூனையை நம்பாதவள் நாயை நம்பினாள் பாருங்கள்!

பூனை வரவே இல்லை. வந்தது வாசனைதான். செவலை கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தது. முடியவில்லை. கறியைக் கவ்விவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் செருப்புச் சத்தம். தின்ன நேரமில்லை, ஒளிக்கவும் இடமில்லை, கீழே கல் தரை. செவலை கறியை மாவுத் தொட்டிக்குள் போட்டு, மூக்கால் தள்ளித் தள்ளி மூடியது. எல்லோரும் தூங்கியதும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதற்கு எண்ணம்.

காலிச் சட்டியைப் பார்த்த தெக்லாளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கறி எங்கே என்று கேட்டாள். பூனையாகத்தான் இருக்கும் என்றது செவலை. அதன் மூக்கு நுனியில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. அழுதுகொண்டிருந்த தெக்லாள் அதைக் கவனிக்கவில்லை.

வெளியே மாட்டுவண்டி வந்து நின்றது. இனி வேறு கறிக்கு எங்கே போவது? ரொட்டியாவது இருக்கட்டும் என்று, மாவை உருட்டக்கூட நேரமில்லாமல் தொட்டியோடு தூக்கித் தட்டில் கவிழ்த்தாள். கனமாகத்தான் இருந்தது. மனசு கனத்தால் கையும் கனக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அம்மா, மாவு இன்னும் கொஞ்சம் பொங்கட்டுமே" என்றது செவலை. 

"நீ பேசாதே" என்று சொல்லித் தட்டை அடுப்புக்குள் தள்ளினாள்.

சற்று நேரத்தில் நெருப்பு புலம்ப ஆரம்பித்தது. கறி வாசம் வருகிறது, நாக்குக்குத்தான் எட்டவில்லை என்றது. இருக்கிற வயிற்றெரிச்சல் போதாதென்று நீ வேறா என அதையும் அதட்டினாள்.

பந்தியில், பெரிய பூசணிக்காய் மாதிரி உப்பிச் சிவந்த ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். சலேத்து அதைப் பார்த்தாள், பிறகு மருமகளைப் பார்த்துப் புன்னகைத்தாள். பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். தெக்லாள் கத்தியை அழுத்தினாள்.

மேல்தோல் மொறுமொறுவென்று உடைந்தது. உள்ளே கத்தி மெத்தென்று இறங்கியது. குப்பென்று மிளகு வாசனையோடு ஆவி கிளம்பி, தட்டெல்லாம் சாறு ஓடியது. மாவுக்கு நடுவே, ஒரு சொட்டுச் சாறு குறையாமல், பஞ்சு போல வெந்து கிடந்தது கறி.

சலேத்து ஒரு துண்டைத் தின்றாள். தட்டை மறுபடி நீட்டினாள். அதையும் முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சம்பந்தி, இதை எப்படிப் பண்ணினீங்க? எனக்கும் சொல்லிக் கொடுங்க."

பாக்கியம் தலை நிமிர்ந்தாள்.  அப்போதுதான் கதவோரம் பம்மிக்கொண்டிருந்த செவலையின் மாவு ஒட்டிய மூக்கு தெக்லாள் கண்ணில் பட்டது. எல்லாம் விளங்கிவிட்டது. அடிக்கக் கை வந்தது, சிரிப்பு முந்திக்கொண்டது.

"நான் எங்கே பண்ணினேன்? எங்க செவலைதான் புதைச்சு வச்சுப் பக்குவம் பண்ணினான். அவனையே கேளுங்க" என்று ரொட்டியின் மொறுமொறு ஓரத்தை உடைத்து அதற்குப் போட்டாள்.

கிறிஸ்துமஸ் விருந்துக் கறிக்கு மாவுச் சட்டை வந்தது அப்படித்தான். நெருப்பு கோபித்துக்கொண்டு அதன்பின் யாரிடமும் பேசுவதில்லை, வெறுமனே சடசடக்கிறது. செவலையோ அவள் கேலியை அப்படியே நம்பிவிட்டது. எதையும் புதைத்தால் பக்குவமாகிவிடும் என்று தன் இனத்துக்கெல்லாம் ஊர் ஊராகப் போய்ச் சொல்லி வைத்தது.

அன்று முதல்தான், மாவுக்கு வழியில்லாத நாய்களெல்லாம் எலும்பை மண்ணில் புதைக்கின்றன. வெந்துவிட்டதா என்று மறுநாள் தோண்டிப் பார்க்கின்றன.