நாற்பத்திரண்டாம் எண்

காசநோய்ப் பிரிவில் பயிற்சி பெற்றுவந்த டாக்டர் பொன்னுதுரைக்கு வயது நாற்பத்தைந்து. அவருடைய குரு டாக்டர் மெகராஜ் பேகம் ஆறு வயது இளையவர். அதனால் குரு சிஷ்யரை ‘சார்’ என்பார், சிஷ்யர் குருவை ‘மேடம்’ என்பார். வேடிக்கைதான், ஆனால் அங்கே யாரும் சிரித்ததில்லை.

ஆராய்ச்சிப் பயிற்சிக்கு ஒரே ஓர் இடம். அன்று மாலை நான்கு மணிக்கு நகரத்தில் நேர்முகத் தேர்வு. வயது வரம்புப்படி பொன்னுதுரைக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

தேர்வில் காட்ட வேண்டிய ஆய்வுத் தாளைக் காலையிலேயே மேடத்திடம் நீட்டினார். “கையெழுத்து, மேடம்.”

“அறுபத்துநாலு நோயாளிங்கள்ல ஒருத்தருக்கு ‘தொடர்பில் இல்லை’ன்னு போட்டிருக்கே. யாரு?”

“எண் நாற்பத்திரண்டு.”

“பேரைக் கேட்டேன்.”

புரட்டிப் பார்த்தார். “வெள்ளத்தாய். செங்கல் சூளையில வேலை. மூணு தடவை போன் பண்ணேன், போகலை.”

மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார். “நம்ம ஜீப் இப்போ சூளைப் பக்கம்தான் போகுது” என்றார்.

ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று பொன்னுதுரை ஏறினார்.

முதல் சூளையில் இல்லை. இரண்டாவதில், “வெள்ளத்தாயா? இருமிக்கிட்டே இருப்பாளே, பாவம். ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டா” என்றார்கள்.

“இப்போ திரும்புனா பஸ்ஸைப் புடிச்சிடலாம் சார்” என்றார் டிரைவர்.

பொன்னுதுரை வாட்சைப் பார்த்தார். “ஆத்துக்கு அந்தப் பக்கம் போங்க” என்றார்.

வெள்ளத்தாய் அவரைக் கண்டதும் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே காலி மாத்திரை அட்டைகள்.

“ஒண்ணு விடலை ஐயா. தீந்து பத்து நாளாச்சு.”

“ஏம்மா வரலை?”

“தூரமாயிருச்சு. போனு சேத்துல விழுந்துருச்சு. வர முடியாட்டி நாங்க தேடி வருவோம்னு மொத நாளு படிச்சுக் காட்டுனீங்களே. அதான் காத்துக் கெடந்தேன்.”

சம்மதப் படிவத்தில் உள்ள வரி அது. அறுபத்துநான்கு பேருக்கும் அவரே வாசித்தது. பொன்னுதுரைக்கு அவமானமாக இருந்தது.

அவளை வார்டில் சேர்த்துவிட்டு வரும்போது மணி ஐந்து.

“போச்சு மேடம்” என்றார். பிறகு தாளை எடுத்தார். “இந்த ‘தொடர்பில் இல்லை’யை அடிச்சிடட்டுமா?”

“வேண்டாம் சார், அது இருக்கட்டும். நாற்பத்திரண்டுங்கிற எண்ணை மட்டும் அடிச்சிட்டு, அங்கே உங்க பேரை எழுதுங்க. ‘இன்னிக்கு மத்தியானம் வரைக்கும்’னு சேர்த்துக்குங்க.”