மடத்துப் பிடி

செம்படுகைக் கடற்கரையில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதில் குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. நரைத்த தாடி போய்க் கறுத்த தாடியின் காலில் விழுகிறதே என்று மீன் வாங்க வருகிறவர்கள் கேலி பேசுவார்கள். சீடர் அஞ்சப்பர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. முப்பத்தெட்டு வருஷம் கடலுக்குப் போனவர் அவர். நான்கு வருஷத்துக்கு முன்பு படகைத் தம்பி சிங்காரத்திடம் ஒப்படைத்துவிட்டு, மடத்துச் சமையல்கட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அன்று பௌர்ணமி. அன்னதானத்துக்கு அடுப்பை மூட்டிவிட்டு அவர் அரிசி களைந்துகொண்டிருந்தபோது தம்பி மனைவி பூங்காவனம் வந்து நின்றாள். விடிவதற்குள் மாசிலாமணியின் ஆட்கள் வந்து படகிலிருந்த என்ஜினைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னாள். அவள் அழவில்லை. உலையை எட்டிப் பார்த்தாள்.

"நல்லாப் பொங்குங்க மாமா. எங்க என்ஜினப் புடுங்குனவரு அரிசிதானே. ருசியா இருக்கும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாசிலாமணி கரையில் ஏலக்கொட்டகை வைத்திருப்பவர். பதினான்கு மாதத்துக்கு முன்பு சிங்காரத்துக்கு என்ஜினுக்கும் வலைக்குமாக எண்பதாயிரம் முன்பணம் கொடுத்திருந்தார். முன்பணம் வாங்கியவன் மீனை வேறெங்கும் விற்கக் கூடாது. விலையை அவர் சொல்வார். பத்துக் கிலோவை ஒன்பது என்று எழுதுவார், ஈரத்துக்கு ஒரு கிலோ தள்ளுபடி. விற்ற பணத்தில் நூற்றுக்கு எட்டு ரூபாய் கழிவு. இத்தனை மாதத்தில் சிங்காரம் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்கு மீன் போட்டிருந்தான். கழிவு மட்டும் ஐம்பத்தோராயிரத்து இருநூறு. அதில் ஒரு ரூபாயும் கடனில் சேராது. கடன் எண்பதாயிரம் எண்பதாயிரமாகவே நின்றது.

திங்கட்கிழமை அவனுக்கு அறுபத்திரண்டு கிலோ வஞ்சிரம் கிடைத்தது. மாசிலாமணி கிலோ நானூற்று முப்பது என்றார். பக்கத்துத் துறைமுகத்தில் எழுநூறு. சிங்காரம் படகைத் திருப்பி அங்கே கொண்டுபோய் விற்றுவிட்டான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அஞ்சப்பர் கையைத் துடைத்துக்கொண்டு குருவிடம் போனார். நடந்ததைச் சொன்னார்.

"சுவாமி, வலை வீசுகிற கை அவனுடையது. போகிற உயிரும் அவனுடையது. விலையை மட்டும் ஏன் கரையில் நிற்கிறவர் சொல்கிறார்?"

"நீ கடலுக்குப் போன காலத்தில் இதை அவரிடம் கேட்டாயா?"

"இல்லை."

"ஏன்?"

"மடத்துக்குச் சோறு போடுகிற மனுஷர். அவரை யார் கேட்பார்கள்?"

அவரிடமிருந்து மடத்துக்கு மாதம் எவ்வளவு வருகிறது என்று குரு கேட்டார். ஆறு மூட்டை அரிசி, ஒரு மூட்டைப் பருப்பு, பதினோராயிரம் ரூபாய்க்குள் அடங்கும் என்றார் அஞ்சப்பர். அதற்கு ஈடாகப் படகுக்காரர்கள் அவருக்கு ஏதாவது கொடுத்தார்களா என்று குரு கேட்டார். கொடுத்ததில்லை, அவர் ஆட்கள் கூடைக்கு ஒரு பிடி மீன் மடத்துப் பேரைச் சொல்லி எடுத்துக்கொள்வார்கள், ஒரு பிடிதானே என்றார் அஞ்சப்பர்.

"அந்த மீன் மடத்துக்கு வந்திருக்கிறதா?"

"மடத்துக்கு எதற்கு சுவாமி மீன்?"

"அடுப்பை அணை," என்றார் குரு.

இருவரும் மணலில் இறங்கி நடந்தார்கள். ஏலக்கொட்டகையில் படகுகள் வந்து சேரும் நேரம். குருவைக் கண்டதும் மாசிலாமணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நாற்காலி போடச் சொன்னார். குரு உட்காரவில்லை. தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். இன்றைக்கு மடத்துப் பிடியை ஐஸ் பெட்டியில் போட வேண்டாம், தனியாக என் கண் முன்னால் போடுங்கள்.

மாசிலாமணி சிரித்தார். சாமிக்கு இல்லாததா என்றார்.

பிடி அள்ளுவதற்கென்றே அவரிடம் ஓர் ஆள் இருந்தான். கை அகலமான ஆளாகப் பார்த்து வைத்திருந்தார். அவன் இரண்டு கையையும் விரித்து அள்ளினால் கூடையில் பள்ளம் விழும். இதைத்தான் முப்பத்தெட்டு வருஷமும் அஞ்சப்பர் கையெடுத்துக் கும்பிட்டுக் கொடுத்தார். இன்று கும்பிடவில்லை. விரல்கணுவில் எண்ணினார். நாற்பத்தொரு படகு. தொண்ணூற்றாறு கூடை. தனியாகப் போட்ட மீன் ஏழு பெட்டி நிறைந்தது.

"எடை போடுங்கள்," என்றார் குரு.

நூற்று நாற்பத்து நான்கு கிலோ நின்றது. ஈரத்துக்கு யாரும் தள்ளவில்லை.

"இனி ஏலம் விடுங்கள். நீங்களே விலை சொல்லுங்கள்."

மாசிலாமணிக்கு அப்போதுதான் முகம் மாறியது. ஆனால் மடத்து மீன் இல்லை என்று அத்தனை பேர் முன்னால் அவரால் சொல்ல முடியவில்லை. ஏலம் விட்டார். வெளியூர் வியாபாரி ஒருவர் கிலோ நூற்றைம்பதுக்கு மொத்தமாக எடுத்தார்.

"இருபத்தோராயிரத்து அறுநூறு," என்றார் அஞ்சப்பர் சத்தமாக. "ஒரு நாளைக்கு. மடத்துக்கு வருவது மாசத்துக்குப் பதினோராயிரம்."

நாற்பத்தொரு படகுக்காரர்களும் ஏழு பெட்டியைப் பார்த்தார்கள். தனித்தனியாக ஒரு பிடியாகவே பார்த்துப் பழகிய மீன் அது.

"கடலுக்குப் போறவனுக்கு எந்த பேங்குல சாமி எம்பதாயிரம் குடுப்பான்? நான்தானே குடுத்தேன்," என்றார் மாசிலாமணி.

"கொடுத்தீர்கள். யாருடைய மீனிலிருந்து கொடுத்தீர்கள் என்றுதான் இப்போது எடை போட்டுப் பார்த்தோம்."

பிறகு குரு படகுக்காரர்கள் பக்கம் திரும்பினார். இந்தப் பணம் மடத்தின் பெயரில் எடுத்தது, ஆனால் உங்களுடையது, நான்கு நாள் பிடியைக் கொடுத்தால் சிங்காரத்தின் கடன் தீர்ந்து ஆறாயிரத்து நானூறு மிஞ்சும், கொடுப்பீர்களா என்று கேட்டார்.

பின்னாலிருந்து ஒருவர், எங்க மீனுல அவன் கடனா என்று முனகினார்.

"இத்தனை வருஷம் எங்க போச்சுன்னு கேக்கல. இந்த நாலு நாளைக்குத்தான் வாய் தொறக்குறியாக்கும்," என்றார் பக்கத்தில் நின்றவர். சிலர் சிரித்தார்கள். முனகியவரும் சிரித்துவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து சரியென்று தலையாட்டினார்.

"அஞ்சாம் நாள்?" என்று கேட்டார் இன்னொருவர்.

"அஞ்சாம் நாள் மடத்துக்குப் பிடி கிடையாது," என்றார் குரு. "மடம் வேண்டாம் என்கிறது. அதற்கு மேலும் எவராவது உங்கள் கூடையில் கை வைத்தால், அது யாருடைய கை என்று உங்களுக்குத் தெரியும்."

என்ஜின் கொட்டகையின் மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. சேதி கேட்டு வந்திருந்த சிங்காரமும் பூங்காவனமும் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். மாசிலாமணி தடுக்கவில்லை. தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது அஞ்சப்பர் குருவுக்கு இரண்டடி முன்னால் நடந்தார். அப்படி நடந்து அவருக்குப் பழக்கமில்லை. தம்பியின் என்ஜின் திரும்பிவிட்டது. ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. நாற்பத்தொரு வீட்டுப் பிடியை இத்தனை வருஷத்துக்கும் பெருக்கிப் பார்க்கப் பார்க்க, கோபம் மாசிலாமணியோடு நிற்காமல் இந்தப் பக்கமும் வந்தது. மணலில் நின்று திரும்பினார்.

"சுவாமி இந்த மடத்துக்கு வந்து பதினோரு வருஷம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அந்த அரிசியைத்தான் வாங்கினீர்கள். கூப்பிடு தூரத்தில் கொட்டகை. ஒரு நாளாவது போய்க் கேட்டிருக்கலாம் இல்லையா?"

குரு தலைகுனிந்தார்.

"கேட்கவில்லை, அஞ்சப்பா," என்றார். "வாயில் சோறு இருந்தது."